சிக்ஸ் பை சிக்ஸ் பகலுக்கு மட்டுமா?

போன மாதம் என் பேத்திக்குக் கண்ணாடி போட்டார்கள். பதினோரு வயசு. பள்ளிக்கூடத்தில் போர்டு தெரியவில்லை என்று டீச்சர் எழுதி அனுப்ப, பரிசோதித்ததில் மைனஸ் இரண்டு. விடுமுறைக்கு வந்திருந்தவளைப் பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், "அட, பொம்பளப் புள்ளைக்குக் கண்ணாடியா! கவலைப்படாதீங்க, வயசு வரட்டும், ஒரு லேசர் பண்ணிட்டா முடிஞ்சது" என்றார். கூடத்தில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். என் மகள் மட்டும் ஆட்டவில்லை. நானும் ஆட்டவில்லை. ஏன் ஆட்டவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

என் மகளும் ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போட்டவள்தான். கல்லூரி முடிப்பதற்குள் இரண்டு கண்ணுக்கும் மைனஸ் ஐந்தரை. அவளுக்கு அது ஒரு தொந்தரவாகவே இருந்ததில்லை. தொந்தரவெல்லாம் ஜாதகம் வெளியே போனபோது எனக்குத்தான் ஆரம்பித்தது. "பொண்ணு கண்ணாடி போடுமா?" என்று கேட்காத வீடில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அத்தை, "குடும்மா பார்ப்போம்" என்று அவள் கண்ணாடியையே கழற்றச் சொல்லி வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பவர் ஜாஸ்திதான்" என்று திருப்பிக் கொடுத்தார். கண்ணாடி இல்லாமல் எதிரே இருப்பவர் முகம்கூடத் தெரியாமல் என் மகள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாரமே பாங்கில் இருந்த டெபாசிட் ஒன்றை உடைத்தேன்.

"எனக்கு வேண்டாம்பா, நல்லாத்தானே இருக்கேன்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "ஒரு தடவைதாம்மா, ஆயுசுக்கும் நிம்மதி" என்று நான்தான் அழைத்துப் போனேன். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை கண்ணாடியைத் தேடாமல் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்துச் சொன்னாள். வீடே கொண்டாடியது.

மூன்று மாதம் கழித்துக் கார்த்திகை வந்தது. 2011-ஆம் வருடம். வாசற்படி, திண்ணை, மாடிக் கைப்பிடிச் சுவர் என்று அகல் விளக்குகளை வரிசையாக வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நின்று பார்த்தாள்.

"அப்பா, ஒவ்வொரு விளக்கைச் சுத்தியும் முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு நிக்குது. ஒண்ணோட வெளிச்சம் பக்கத்து விளக்கோட ஒட்டிக்குது. எத்தனை விளக்குன்னு எண்ண முடியல."

"பார்க்க அழகாத்தானே இருக்கும்?" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மருத்துவமனைக்கும் மூன்று முறை போனோம். ஒவ்வொரு முறையும் வெளிச்சமான அறையில் உட்காரவைத்து, சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்கள். கடைசி வரி வரைக்கும் படிப்பாள். "சிக்ஸ் பை சிக்ஸ்! நூத்துக்கு நூறு மார்க்" என்பார் டாக்டர். ராத்திரியில் எதிரே வண்டி வந்தால் ரோடே தெரியவில்லை என்றால், "போகப் போகப் பழகிடும்" என்பார். கண் உறுத்துகிறது என்றால் சொட்டு மருந்து எழுதுவார். மூன்றாவது முறை திரும்பி வரும்போது ஆட்டோவில் நானே சொன்னேன்: "டாக்டரே நல்லா இருக்குங்கிறாரு. நீ ஏன் இல்லாததை எல்லாம் நெனச்சுக்கிறே?"

அதற்குப் பிறகு அவள் என்னிடம் கண்ணைப் பற்றிப் பேசியதே இல்லை. கல்யாணம் ஆனது, கோயம்புத்தூருக்குப் போனாள், குழந்தை பிறந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2022-ல் எனக்கு வலது கண்ணில் புரை முற்றியது. எந்த லென்ஸ் வைக்கலாம் என்று ஒரு அட்டையைக் கொடுத்தார்கள், ஓட்டலில் மெனு கார்டு கொடுப்பதுபோல. தூரத்துக்கு மட்டும் ஒன்று, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒன்று. இரண்டாவது விலை கூடுதல். விலை கூடியது நல்லதாகத்தான் இருக்கும் என்கிற நடுத்தர வர்க்கத்து ஞானத்தில் அதையே வைக்கச் சொன்னேன். பேப்பர் படிக்கவும் கண்ணாடி வேண்டாம், டி.வி. பார்க்கவும் வேண்டாம். பரம திருப்தி.

மூன்று வாரம் கழித்துத் தஞ்சாவூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு ராத்திரி காரில் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன் சீட்டில் நான். எதிரே வந்த ஒவ்வொரு விளக்கையும் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாக, பழைய இசைத்தட்டில் கோடுகள் இருக்குமே, அப்படித் தெரிந்தது. லாரி நெருங்க நெருங்க வட்டமும் பெரிதாகி, ஓரத்தில் சைக்கிளில் போனவர் அதற்குள் மறைந்தே போனார். கடந்து போன பிறகுதான் அப்படி ஒருவர் இருந்தது எனக்குத் தெரிந்தது. வண்டி ஓட்டியது நானில்லை என்பதால் அவர் தப்பித்தார்.

பத்தரை மணி ஆகியிருந்தும் வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் செய்தேன். சொன்னேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை.

"உங்களுக்கும் வந்துடுச்சாப்பா?" என்றாள்.

"உனக்கு இன்னும் இருக்கா?"

"இருக்குப்பா. ராத்திரியில நான் வண்டி எடுக்கறதில்ல. டியூஷன்லேர்ந்து பாப்பாவைக் கூட்டிட்டு வர்றது அவர்தான். மழை பெய்ஞ்சு ரோடு நனைஞ்சிருந்தா நடந்துகூடப் போக மாட்டேன்."

பதினோரு வருடம். இவ்வளவு காலம் அவள் இரவில் இப்படித்தான் இருந்திருக்கிறாள், அப்பாவுக்குத் தெரியாது. "இல்லாததை நினைச்சுக்கிறே" என்று சொன்ன மனுஷனிடம் யார்தான் மறுபடி சொல்வார்கள்?

அதன் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் என் வயதொத்தவர்களுக்குப் பயன்படக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் தையல் போடாத எந்தக் கண் ஆபரேஷனையும் 'லேசர்' என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு நடந்த புரை ஆபரேஷன் பெரும்பாலும் லேசர் அல்ல. ஒலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு லென்ஸ் வைப்பது. என் கண்ணில் தெரியும் வட்டங்களுக்குக் காரணம் அந்த லென்ஸ். ஒரே வெளிச்சத்தைத் தூரத்துக்குக் கொஞ்சம், கிட்டத்துக்குக் கொஞ்சம் என்று பங்கு போடுவதற்காக அதில் வட்ட வட்டமாக வரிகள் உண்டு. ஒரு பங்கு சரியாக விழும்போது மற்ற பங்கு விளக்கைச் சுற்றிக் கலங்கலாக நிற்கும்.

மகளுக்கு நடந்ததுதான் உண்மையான லேசர். லாசிக் என்பார்கள். கண்ணின் முன்பக்கத்தில் கைக்கடிகாரக் கண்ணாடிபோல இருக்கும் கருவிழிப் படலத்தில், மேலே மெல்லிய ஏடு ஒன்றை மூடிபோலத் திறந்து, உள்ளே லேசரால் இழைத்து வளைவைத் திருத்தி, மறுபடி மூடிவிடுவது. இதன் மூலத்தில் ஒரு மெட்ராஸ்காரர் இருக்கிறார் என்பது எனக்கே புதுச் செய்தி. 1929-ல் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1981 நவம்பரில், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் எலும்பையும் தசையையும் கொண்டுபோய் எக்ஸைமர் லேசரில் வைத்துப் பார்த்தார். கருகாமல், தீயாமல், கத்தியைவிடச் சுத்தமாக வெட்டுப்பட்டது. 1983-ல் ஸ்டீஃபன் ட்ரோக்கல் என்ற கண் மருத்துவரோடு சேர்ந்து அதையே கருவிழிக்குக் கொண்டுவந்தார். 2013-ல் சீனிவாசனுக்கும் அவரோடு உழைத்த இருவருக்கும் ஒபாமா தேசியப் பதக்கம் வழங்கினார். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். லேசர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

பிறகு ஏன் முள் முள்ளாகத் தெரிகிறது? கண் பாப்பா வெளிச்சத்தில் சுருங்கும், இருட்டில் விரியும். இளம் வயதில் 7 மில்லிமீட்டரும் அதற்கு மேலும்கூட விரியும். லேசர் முழுமையாகத் திருத்துவது பெரும்பாலும் நடுவில் 6 அல்லது 6.5 மில்லிமீட்டர் வட்டத்தை. பகலில் சுருங்கிய பாப்பா வழியே, திருத்திய பகுதியில் மட்டும் வெளிச்சம் நுழைகிறது, பார்வை பளிச். இரவில் பாப்பா விரிந்ததும் ஓரத்து வளைவுகள் வழியாகவும் நுழைந்து சிதறுகிறது. இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பவர் கூடக்கூட இழைக்க வேண்டியதும் கூடும். ஏட்டைத் திறக்கும்போது கருவிழியின் நுண்நரம்புகள் அறுபடுவதால் கண் வறண்டுபோகும். வறண்ட கண்ணில் கண்ணீர்ப் படலம் திட்டுத் திட்டாக இருந்தால், தூசி படிந்த கண்ணாடி வழியாக விளக்கைப் பார்ப்பதுபோலத்தான்.

இது என் மகள் மட்டும் நினைத்துக்கொண்டதும் இல்லை. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ., அந்நாட்டுத் தேசியக் கண் நிறுவனத்தோடும் ராணுவத் துறையோடும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தியது. கடற்படையினர் 262 பேர், பொதுமக்கள் 312 பேர். டாக்டர் அளந்ததை மட்டும் வைத்துக்கொள்ளாமல், நோயாளிகளையே கேள்வித்தாளில் நிரப்பச் சொன்னார்கள். 2017-ல் வெளியான முடிவு இது: முன்பு வட்டம், முள், கூச்சம், இரட்டையாகத் தெரிதல் எதுவுமே இல்லாதவர்களில், கடற்படையினரில் 43 சதவீதமும் பொதுமக்களில் 46 சதவீதமும் மூன்றாம் மாதத்தில் புதிதாக ஏதாவது ஒன்று தெரிவதாகச் சொன்னார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. அதே ஆய்வில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் பார்வையில் திருப்தி என்றார்கள். இந்தத் தொந்தரவால் அன்றாட வேலையே மிகவும் கஷ்டம் என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கண்ணாடி போட்டிருந்த காலத்தில் இருந்த கூச்சம் லேசருக்குப் பிறகு குறைந்தவர்களும் உண்டு. என் நண்பரின் மகன் லேசர் செய்துகொண்டு பத்து வருடமாக ஒரு குறையும் இல்லாமல் ராத்திரி பகல் பாராமல் வண்டி ஓட்டுகிறான்.

ஆக, லேசர் கெட்டது என்று சொல்ல வரவில்லை. என் கட்சி வேறு. அந்தச் சுவர் அட்டை, 1862-ல் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் கொடுத்தது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, நல்ல வெளிச்சம், ஆறு மீட்டர் தூரம். எழுத்து தெரிகிறதா என்பதற்கு அது நல்ல பரீட்சை. ஆனால் நாம் வாழ்க்கையில் பார்ப்பது அட்டையை மட்டுமா? இருட்டு ரோட்டில், ஹைபீம் போட்டுவரும் லாரிக்குப் பக்கத்தில் சைக்கிளில் போகிறவரையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு அந்த அட்டையில் வரி கிடையாது. பகல் பரீட்சையில் நூறு மார்க் வாங்கியவளிடம், ராத்திரியில் கஷ்டப்படுவது உன் கற்பனை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

2022-ல் அதே எஃப்.டி.ஏ. ஒரு வரைவு வெளியிட்டது. லாசிக் செய்துகொள்ள வருகிறவர்களிடம் இரட்டைப் பார்வை, கண் வறட்சி, இரவில் வண்டி ஓட்டுவதில் சிரமம், அரிதாக நீடிக்கும் கண்வலி ஆகியவற்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும், பிறகும் கண்ணாடி தேவைப்படலாம் என்பதையும் சொல்ல வேண்டும் என்றது. தேவையில்லாமல் பயமுறுத்துவதாகக் கண் மருத்துவர் சங்கங்கள் ஆட்சேபித்தன. எனக்கு அந்த ஆட்சேபம் புரியவில்லை. வீடு வாங்குகிறவனிடம் மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று சொன்னால் அது பயமுறுத்தலா? தெரிந்தும் வாங்குகிறவன் வாங்கட்டும். தண்ணீர் நிற்கும்போது அவன் யாரையும் திட்ட மாட்டான்.

நாங்களும் கையெழுத்துப் போட்டோம். பல பக்கம், பொடி எழுத்து, ஆபரேஷன் தியேட்டர் வாசலில். அதில் எல்லாம் எழுதியிருந்திருக்கலாம். நான் படிக்கவில்லை, மகளையும் படிக்க விடவில்லை. "சீக்கிரம் போடும்மா, கூப்பிடறாங்க" என்று பேனாவை நீட்டியது நான்தான். அதனால் பழி முழுவதையும் டாக்டர் தலையில் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ லேசர் என்று கிளம்பினால், தடுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். கேட்கவேண்டியதைக் கேட்கச் சொல்லுங்கள். பவர் ஒரு வருடமாவது மாறாமல் இருக்கிறதா? கருவிழியின் தடிமனையும் வளைவையும் அளந்து, அது தாங்குமா என்று பார்த்தார்களா? இருட்டில் பாப்பா எவ்வளவு விரிகிறது என்று அளந்தார்களா? ஏற்கெனவே கண் வறட்சி இருக்கிறதா? ராத்திரியில் வண்டி ஓட்டும் வேலையா? வட்டமும் முள்ளும் வந்து நிலைத்துவிட்டால் அதற்கு என்ன செய்வார்கள்? கடைசிக் கேள்விக்குச் சிரித்து மழுப்பாமல் பதில் சொல்கிற டாக்டரிடம் செய்துகொள்ளலாம். ஒப்புதல் படிவத்தை முதல் நாளே வீட்டுக்கு வாங்கிவந்து படியுங்கள்.

புரைக்குப் போகிற நம் வயதுக்காரர்களுக்கும் சில வார்த்தை. இரவில் வண்டி ஓட்டுகிறவர் என்றால், லென்ஸ் அட்டையைப் பார்க்கும் முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். விலை கூடிய லென்ஸ்தான் உங்களுக்கு ஏற்றது என்றில்லை. தூரத்துக்கு மட்டுமான லென்ஸை வைத்துக்கொண்டு படிக்க ஒரு கண்ணாடி போட்டுக்கொள்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் கிடையாது. என் இடது கண்ணுக்கு அடுத்த வருடம் அதைத்தான் வைத்துக்கொண்டேன். ஆபரேஷனுக்குச் சில மாதமோ வருடமோ கழித்து லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மங்கி, மறுபடி புகைமூட்டமாகத் தெரியலாம். அதை நீக்குவதுதான் உண்மையான லேசர். சில நிமிட வேலை. அதன் பிறகு கொசு பறப்பதுபோலப் புள்ளிகள் சில நாள் தெரிவது உண்டு. ஆனால் திடீரென்று மின்னல் வெட்டினாலோ, திரை இழுத்தாற்போல ஒரு பக்கம் மறைந்தாலோ, அன்றைக்கே ஓட வேண்டும். விழித்திரை சம்பந்தப்பட்ட ஆபத்தாக இருக்கலாம்.

லாசிக் செய்துகொண்டவர்கள் அந்தப் பழைய காகிதங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். முன்பு என்ன பவர், எவ்வளவு இழைத்தார்கள் என்ற விவரம், பிற்காலத்தில் புரை வந்து லென்ஸ் கணக்குப் போடும்போது உதவும். வளைவு மாறிய கண்ணில் வழக்கமான கணக்கு தப்பிப் போகக்கூடும். கருவிழி மெலிந்திருப்பதால் கண் அழுத்தமும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். கிளாகோமா இருந்தால் அது கவனத்துக்கு வராமல் போகலாம். என் மகளின் ஃபைலை ஒரு வாரம் பீரோ முழுக்கத் தேடினேன். கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்கு அடியில் கிடைத்தது. லேமினேட் செய்து அனுப்பிவைத்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. நம் பிள்ளைகள் தங்கள் உடம்பைப் பற்றி ஒன்று சொன்னால் நம்புங்கள். அவர்கள் கண்ணுக்குள் நாம் போய்ப் பார்க்க முடியாது. அங்கே என்ன தெரிகிறது என்று சொல்ல அவர்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ரிப்போர்ட்டில் இல்லை என்பதால் உலகத்திலேயே இல்லை என்று ஆகிவிடாது. எனக்கு அது புரிவதற்கு என் கண்ணிலேயே வர வேண்டியிருந்தது.

போன கார்த்திகைக்கு மகள் வந்திருந்தாள். விளக்கெல்லாம் ஏற்றிய பிறகு இருவரும் தெருவில் நின்றோம். நான் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் மட்டும் பார்த்தேன். எனக்கு வட்டம், அவளுக்கு முள். "அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றேன். "விடுங்கப்பா" என்றாள். பிறகு, "மாடிச் சுவத்துல எத்தனை விளக்கு வெச்சிருக்கோம்?" என்று கேட்டாள். இருவருக்கும் எண்ண வரவில்லை. பேத்திதான் எண்ணிச் சொன்னாள். இருபத்தேழு.

அந்தப் பேத்திக்குத்தான் இப்போது கண்ணாடி. ஊதா நிற பிரேம், அவளே எடுத்தது, நன்றாகவே இருக்கிறது. பதினெட்டு வயதுக்குப் பிறகு லேசர் வேண்டும் என்று அவளாகக் கேட்டால் நானும் கூடப் போவேன், கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு. வேண்டாம் என்றால், அவள் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க எந்த அத்தைக்கும் எங்கள் வீட்டில் நாற்காலி போட மாட்டோம்.